வசனத்தின் பின்பாதி

ஜூலை 2, புதன்

காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்று இந்த மாதமும் இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்று வருடங்களாக அந்தப் பெண்ணின் பூர்வீகத்தை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இன்னொருவர், கண்தானம் செய்தால் உயிர்த்தெழும்போது குருடனாக எழும்புவேனா என்கிறார். ஒரு கல்லூரி மாணவி, கம்ப்யூட்டர் எழுதித் தரும் ஜெபத்தைச் சொன்னால் தேவன் கேட்பாரா என்கிறாள். கம்ப்யூட்டரை விட்டுத்தள்ளு, மனுஷர் எழுதிக் கொடுத்ததை அவர் கேட்டாரா என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது. அப்படியெல்லாம் ஐயர் எழுதமாட்டார்.

சபைப் பத்திரிகையில் என் வேலை மெய்ப்புத் திருத்துவது என்றுதான் வீட்டில் தெரியும். ‘ஐயரைக் கேளுங்கள்’ பக்கத்தை எழுதுவது நான் என்று எடிட்டர் பொன்ராஜ் சாருக்கும் ஓய்வுபெற்ற குருவானவர் ஞானாபரணம் ஐயரின் மனைவிக்கும் மட்டுமே தெரியும். ஐயருக்கே தெரியாது. எழுபத்தொன்பது வயது, மனைவியின் பெயர்கூட மறந்துவிட்டது. வேதம் மட்டும் அப்படியே இருக்கிறது. எந்த அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தாலும் பிரசங்க மேடையில் நிற்பதுபோல மீதியைச் சொல்லி முடிப்பார். பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்து அச்சாகவேண்டும் என்பது முப்பது வருட வழக்கம். மாதம் ஒருமுறை தாளை எடுத்துக்கொண்டு போவேன்.

“இது நான் எழுதினதா?” என்பார்.

“ஆமா ஐயா.”

“நல்லாத்தான் எழுதியிருக்கேன்” என்று கையெழுத்துப் போடுவார்.

பாளையங்கோட்டையிலிருந்து கடற்கரை ஊர்கள் வரை அந்தக் கையெழுத்துக்குக் கீழ்ப்படியாத வீடு குறைவு. எங்கள் வீடும் கீழ்ப்படிகிற வீடுதான்.

ஜூலை 5, சனி

என் கல்யாணத்துக்குப் பெட்டிகளை ஒதுக்கினேன். எமீமா அக்கா ஹாஸ்டலில் இருந்து எனக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்தன. மூன்றாக மடித்து, ஒரு மூலையை உள்ளே திருகிச் செருகியிருப்பாள். அது எங்கள் பூட்டு. அம்மா பிரித்தால் மறுபடி அதேபோல் மடிக்கத் தெரியாது, கண்டுபிடித்துவிடலாம்.

எமீமா, கெத்சியா என்று யோபுவின் பெண்களுடைய பெயர்களை அப்பா எங்களுக்கு வைத்தார். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்திருந்தால் கேரேனாப்புக் என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் நிறுத்திக்கொண்டதாக அம்மா சொல்லுவாள். இவர்கள் யோபுவின் இரண்டாம் செட்டுப் பிள்ளைகள். முதல் செட்டு பத்துப் பேரும் வீடு இடிந்து செத்தார்கள். போனதற்குப் பதில் கொடுத்தாயிற்று என்று கணக்கு நேராகிவிடுகிறது. அந்தப் பத்துப் பேரைப் பற்றி இதுவரை ஒரு வாசகரும் கேள்வி அனுப்பவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பதினெட்டுக் கடிதங்கள். எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினேன்.

எண் 14 இது:

“ஐயரவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்குத் திருமணமாகி ஏழு வருடங்கள். பிள்ளை இல்லை. என் கணவர் ஜெபிக்கிறவர். ஜெபித்து முடித்த பிறகு என்னை அடிப்பார். அடித்த பிறகு மறுபடியும் சேர்ந்து ஜெபிக்கச் சொல்லுவார். போன மாதம் கரண்டியைச் சூடாக்கினார். நான் விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்கு வந்துவிடுவது பாவமா? நான் வாயால் சொன்னால் என் வீட்டில் ஏற்கமாட்டார்கள். ஐயரவர்கள் பத்திரிகையில் எழுதிவிட்டால் கதவைத் திறப்பார்கள். ஒரு வரி எழுதினாலும் போதும். பெயர் வேண்டாம்.”

கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம்போட்ட தாள். உடன்குடி தபால் முத்திரை. மூன்றாக மடித்து, ஒரு மூலை உள்ளே செருகியிருந்தது. பலரும் அப்படி மடிக்கக்கூடும். உடன்குடி சிறிய ஊரில்லை. கணக்கு வாத்தியார்களும் அங்கே அக்காவின் கணவர் தயாளன் அத்தான் ஒருவர் மட்டுமா இருப்பார்.

சாயங்காலம் தையல்காரரிடம் போனேன். ரவிக்கைக் கை கொஞ்சம் இறுக்கம்.

ஜூலை 11, வெள்ளி

அம்மா அக்காவுக்குப் போன் செய்தாள். அத்தான்தான் எடுத்தார். அக்கா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். போன வாரமும் அப்படித்தான் சொன்னார். “சுத்தக்காரி” என்று அம்மா பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து, எனக்கு நிச்சயித்திருக்கும் ரூபஸின் அம்மா வந்திருந்தார்கள். ரூபஸின் அப்பா தூத்துக்குடிப் பக்கம் சேகர குருவானவர். அவர்கள் வீட்டில் எல்லாமே முன்மாதிரியாக இருக்கவேண்டும். ரூபஸ் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். நல்லவர். என்னிடம் இருக்கும் புத்தகங்களுக்காகவே ஒரு அலமாரி செய்யச் சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் என் புத்தகங்கள் அரிசி மூட்டைக்கு மேல் இருக்கின்றன.

அவர்கள் காப்பியை ஆற்றிக்கொண்டே, மூத்தவள் உடன்குடியில் சுகமாக இருக்கிறாளா என்று கேட்டார்கள். ராணி மாதிரி வைத்திருக்கிறார் என்றாள் அம்மா.

“அதுக்கில்ல. போன வருசம் ஒரு எடம் பாத்தோம். பொண்ணு தங்கம். ஆனா அக்காக்காரி புருசன விட்டுட்டு வந்து வீட்டுல உக்காந்திருந்தா. ரூபஸ் அப்பா பிரசங்க மேடையில நிக்கணும்லா? வேண்டாம்னுட்டோம்.”

அம்மா தலையை ஆட்டினாள். நான் முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தேன். ஆகஸ்ட் மூன்று, பத்து, பதினேழு என்று, சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் ஞாயிறுகளை முடிவு செய்தார்கள். இருபத்தேழாம் தேதி கல்யாணம். ஓலை மூன்றும் வாசித்து முடியும் வரை எதுவும் நிச்சயமில்லை என்று எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் ஓலைக்குப் பிறகு நின்றுபோன கல்யாணம் இரண்டை நானே பார்த்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

எண் 14-க்குப் பதில் எழுதினேன். இரண்டு முறை.

முதல் பதிலுக்கு மூன்று விளக்கவுரைகளையும் எபிரெய அகராதியையும் பார்த்தேன். விவாகத்தை முறிப்பதைத் தேவன் வெறுக்கிறார் என்று மல்கியாவில் வரும் வசனத்தைத்தான் எல்லோரும் பெண்களின் தலையில் போடுகிறார்கள். அதே வசனத்தின் பின்பாதி, கொடுமை செய்துவிட்டு அதைத் துணியால் மூடுகிறவனைப் பற்றியது. அவனையும் அதே மூச்சில் வெறுக்கிறார். பவுலும் பிரியக்கூடாது என்று எழுதிய கையோடு, பிரிந்துபோனால் அவள் எப்படி இருக்கவேண்டும் என்றும் எழுதுகிறார். பிரிந்துபோகிறவள் ஒருத்தி இருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதையெல்லாம் எழுதி, “சகோதரி, இன்றே புறப்படுங்கள். உங்களுக்குக் கதவைத் திறக்காத வீடு அதன் வாசலில் எழுதிவைத்திருக்கும் வசனத்தை அழித்துவிடட்டும்” என்று முடித்திருந்தேன். மூன்று வருடங்களில் நான் எழுதியவற்றில் இதுவே நல்ல நடை.

பிறகு இரண்டாவதை எழுதினேன்:

“அன்புச் சகோதரிக்கு, விவாகத்தை முறிப்பதைத் தேவன் வெறுக்கிறார் என்று மல்கியா தீர்க்கன் உரைக்கிறான். மனைவி கணவனை விட்டுப் பிரியக்கூடாது என்பது பவுல் அப்போஸ்தலன் வாயிலாகக் கர்த்தர் கொடுத்த கட்டளை. உங்கள் கண்ணீர் எண்ணப்பட்டிருக்கிறது. உங்கள் பொறுமையினால் கணவர் கர்த்தருக்கு ஆதாயமாக்கப்படுவார். ஒருத்தி எடுத்துவைக்கும் அடி ஒரு குடும்பத்தையே அசைக்கும். உங்களுக்குப் பின் பிறந்தவளின் வாழ்வும் உங்கள் கையில் இருக்கிறதென்பதை மறவாதீர்கள். நிலைத்திருங்கள்.”

வழக்கமான ஆலோசனைதான். எந்தப் பிரசங்கத்திலும் கேட்கலாம். இதைத்தான் அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் கண்தானத்துக்கும் இடம் விடவேண்டுமே.

முதலாவதைக் கிழிக்க மனம் வரவில்லை. இந்த நோட்டின் பின்னட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

பொன்ராஜ் சார் படித்துவிட்டு, “கொஞ்சம் கண்டிப்பாத்தான் இருக்கும்மா. ஆனா சபையில இதத்தான் விரும்புதாவ” என்றார்.

ஜூலை 18, வெள்ளி

ஐயர் வீடு. ஐயரம்மா கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, நீ யாரு பிள்ள என்றார். பத்திரிகை ஆபீஸ் என்றேன். சந்தோஷம் என்றார்.

கண் சரியில்லாததால் நான்தான் வாசித்துக் காட்டுவேன். காயீன் மனைவிக்குச் சிரித்தார். கண்தானத்துக்கு, சரி சரி என்றார். எண் 14-இன் பதிலில் மல்கியா வந்ததும் கையை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு, வாயோரம் கஞ்சி ஒழுக, அந்த வசனத்தின் பின்பாதியை மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். குரல் நடுங்கவில்லை. ஐயரம்மா கரண்டியோடு அப்படியே நின்றார்கள்.

“மீதி எங்க?” என்றார்.

“பக்கத்துல இடமில்ல ஐயா.”

“வேதத்துல இருந்துச்சே இடம்.”

நான் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியும், அவர் மறக்க இரண்டு நிமிடம் போதும். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

“இது நான் எழுதினதா?”

“ஆமா ஐயா.”

கையெழுத்துப் போட்டார். நல்லாத்தான் எழுதியிருக்கேன் என்று மட்டும் இந்த முறை சொல்லவில்லை. ஐயரம்மா என்னை வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். இன்று அவருக்கு வாய் துடைக்கவேண்டியிருந்தது.

ஜூலை 30, புதன்

அக்கா வந்துவிட்டாள். பெரிய பை. கல்யாண வேலைக்கு என்றாள். இந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருக்கிறாள். அம்மா, உடம்பு வற்றிப்போயிருக்கே என்றாள். விரதம் என்றாள் அக்கா.

என்னைத் தனியாகப் பார்த்ததும், “ஏட்டி, ஆகஸ்டு புஸ்தகம் வந்துட்டா?” என்று கேட்டாள்.

இன்னும் கட்டு பிரிக்கவில்லை என்றேன். என் கைப்பையில் இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தபாலில் பத்திரிகை வந்தது. அம்மா வழக்கம்போல முதலில் ஐயர் பக்கத்தைப் பிரித்து உரக்க வாசித்தாள். அக்கா சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

எண் 14-இன் கேள்வியை வாசித்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “யாரு பெத்த பிள்ளையோ. கரண்டியாமே. இவன்லாம் வெளங்குவானா?” என்றாள். அக்கா தலை தூக்கி அம்மாவைப் பார்த்தாள். வெங்காயத்தைக் கீழே வைத்தாள். எதையோ சொல்லப் போகிறவள்போல உதட்டை நனைத்துக்கொண்டாள். நான் சீப்பைக் கீழே போட்டு எடுத்தேன்.

அம்மா பதிலை வாசித்தாள். நிலைத்திருங்கள் என்பது வரை.

“இன்னொரு தடவ வாசிங்கம்மா” என்றாள் அக்கா.

அம்மா வாசித்தாள். “ஐயர் சொல்லுதது சரிதான். ஆளாளுக்கு வீட்டுக்கு வந்துட்டா மத்த பிள்ளைய என்ன செய்யும்?” என்றாள்.

அக்கா மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“நீதானட்டி இதுக்கு மெய்ப்புப் பாக்க?”

“ஆமாக்கா.”

“வரி எதுவும் விட்டுப்போகலயே?”

“இல்லக்கா.”

மீதி வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தாள். தோலை அள்ளிப் போட்டுவிட்டுக் கை கழுவினாள். நாலு மணி பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டாள். அத்தானுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று காரணம் சொன்னாள். அம்மாவுக்குப் பெருமை. ஆபீஸில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பையை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து, “கல்யாணப் பிள்ள. வெயில்ல நிக்காத, கறுத்துருவ. போ” என்றாள்.

நான் போனேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதலாம் ஓலை வாசித்தார்கள். என் பெயரையும் ரூபஸ் பெயரையும் மேடையில் சேர்த்துக் கேட்க நன்றாக இருந்தது. இவர்கள் இணைவதற்குத் தடை எதையும் யாராவது அறிந்திருந்தால் தெரிவிக்கலாம் என்று குருவானவர் சொன்னபோது பின்வரிசையில் ஒரு குழந்தை தும்மியது. சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

எண் 14-இன் பதிலைப் பாராட்டி நான்கு கடிதங்கள். நான்கும் ஆண்கள். ஒருவர் அதை ஐம்பது பிரதி எடுத்துச் சபையில் கொடுத்தாராம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. மழை. புத்தக அலமாரியின் படத்தை ரூபஸ் அனுப்பியிருந்தார். தேக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்கா ஆஸ்பத்திரியில். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக அத்தான் போனில் சொன்னார். வலது காதில் அடி. அம்மாவும் நானும் போனோம். அத்தான் கட்டில் பக்கத்தில் வேதத்தோடு உட்கார்ந்திருந்தார். வாரம்தோறும் வேதபாட வகுப்பு எடுக்கிறவர், பொய் சொல்லமாட்டார்.

டாக்டர் அம்மாவை ஒதுக்கி அழைத்துப் போய், விழுந்தால் காதுச் சவ்வு இப்படிக் கிழியாது, அறைந்தால்தான் கிழியும் என்றிருக்கிறார். அந்தக் காது இனிக் கேட்காது. அம்மா திரும்பி வந்து ஆரஞ்சை உரித்தாள். ஒரு சுளையும் ஒழுங்காக வரவில்லை. இருபத்தேழு கல்யாணம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று என் காதோடு சொன்னாள். நான் சரி என்றேன்.

கட்டிலில் ஆகஸ்ட் இதழ் இருந்தது. அத்தான் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். விடைத்தாள் திருத்துகிற பேனா.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரவிக்கை வந்துவிட்டது. கை சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்றாம் ஓலை. அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அக்கா காதை மூடி முக்காடு போட்டிருந்தாள். ரூபஸின் அம்மா அவள் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாகத் தங்கைக்காக வந்திருக்கிறாளே, இதுவல்லவா குடும்பம் என்றார்கள். அக்கா சிரித்தாள். எந்தப் பக்கமிருந்து பேசுகிறார்கள் என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு.

தடை அறிந்தவர் உண்டானால் இதுவே கடைசி முறை என்று குருவானவர் சொல்லிவிட்டு வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றதுபோல் இருந்தது. அக்கா தலையைச் சாய்த்து இடது காதை மேடைக்குக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். குருவானவர் தாளை மடிக்கும் வரை பார்த்தாள்.

தடை இல்லை. பாட்டு ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 20, புதன்

செப்டம்பர் பக்கத்துக்கு இருபத்தொரு கடிதங்கள். காயீனின் மனைவி மூன்று. நாய்க்குப் பரலோகம் உண்டா, ஒன்று. யோபுவின் முதல் பத்துப் பிள்ளைகளைப் பற்றியும் ஒருவழியாக ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களுக்குப் பதில் வேறு பிள்ளைகளைக் கொடுப்பது எப்படி நியாயம் என்கிறார். அதை அடுத்த மாதத்துக்கு வைத்தேன்.

எண் 9 இது. கட்டம்போட்ட தாள். உடன்குடி முத்திரை.

“ஐயரவர்களுக்கு ஸ்தோத்திரம். ஆகஸ்ட் இதழில் நீங்கள் சொன்னபடி நிலைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு கேள்விகள். வேதத்தில் நீங்கள் காட்டிய வசனத்தைத் தேடி எடுத்தேன். அதற்குப் பின்பாதி ஒன்று இருக்கிறது. அது அச்சில் ஏன் இல்லை? அடுத்தது. எனக்குப் பின் பிறந்தவள் ஒருத்தி உண்டு என்று நான் உங்களுக்கு எழுதவே இல்லை. அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கர்த்தர் வெளிப்படுத்தினாரா? பதில் பத்திரிகையில் வேண்டாம். அவளுக்கு இருபத்தேழாம் தேதி கல்யாணம். முன்வரிசையில் வலது ஓரம் உட்காருவேன். மேடையில் அவள் கொடுக்கும் வாக்கு இடது காதில் நன்றாகக் கேட்கும்.”

தாளை இரண்டாக மடித்திருந்தாள். மூலை செருகவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம்.

பின்னட்டையிலிருந்து முதல் பதிலை எடுத்து வாசித்தேன். இப்போதும் நல்ல நடைதான். உறை இருந்தது, தபால்தலை இருந்தது, விலாசம் எனக்குத் தெரியும். மீண்டும் பின்னட்டைக்குள்ளேயே வைத்தேன்.

இரண்டு மணிக்கு ஐயர் வீட்டுக்குப் போகவேண்டும். மீதி எங்கே என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் அதே பதில்தான் இருக்கிறது. பதிவேட்டை எடுத்துச் சிவப்பு மையில் எழுதினேன்:

எண் 9. இடமின்மையால் வெளியிடவில்லை.